சைட்டோடாக்சிசிட்டி: தமிழில் என்ன சொல்லலாம்?

ரூட் கெனால் செய்த பல்லில் மறுபடி வலி கிளம்பினால், வேர்க்குழாயில் முன்பு அடைத்த குட்டா பெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளை வெளியே எடுக்க வேண்டிவரும். அதை இளக்கச் சில சமயம் கரைப்பான் விடுவார்கள்: குளோரோஃபாம், சைலீன், யூகலிப்டால், ஆரஞ்சு எண்ணெய், இப்படி ஒன்று. அது வேர் நுனியைத் தாண்டிக் கசிந்தால் அங்குள்ள திசு என்னாகும்? இதை ஆய்வகத்தில் முதலில் சோதிக்கும்போது வரும் சொல்தான் சைட்டோடாக்சிசிட்டி, அதாவது ஒரு பொருள் செல்களுக்குத் தீங்கு செய்யும் தன்மை.

கிரேக்கத்தில் 'டாக்சான்' என்றால் வில். அம்பில் தடவும் நஞ்சு 'டாக்சிகான்' ஆனது. காலப்போக்கில் வில்லும் அம்பும் மறைந்து, நஞ்சு என்ற பொருள் மட்டும் தங்கியது. செல்லைக் குறிக்கும் முன்பாதி 'சைட்டோ', 'கைட்டோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது; அது உள்ளே வெற்றிடம் கொண்ட பாத்திரத்தைக் குறிக்கும். இங்கேதான் எனக்கு மகிழ்ச்சி: இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் செல்லைக் 'கலம்' என்கின்றன. உண்கலம், மரக்கலம் என்பவற்றில் உள்ள அதே கலம்! தமிழகத்தில் வழங்கும் 'உயிரணு' பழகிய சொல்தான். ஆனால் அணு என்றதும் மிகச் சிறிய துகள்தான் மனத்தில் தோன்றும். செல்லோ தனக்குள் எத்தனையோ பொருள்களை ஏந்திய கொள்கலம். ஆகவே என் தேர்வு கலநச்சுமை. கலம் பழகாதவர்கள் உயிரணு நச்சுமை என்று எழுதலாம். 'செல்கொல்லி' மட்டும் வேண்டாம். செல் சாகாமல் அதன் வளர்ச்சி நின்றுபோனாலும் அது கலநச்சுமைதான்.

சோதனைக்கு ஐஎஸ்ஓ 10993-5 என்ற தரநிலை இருக்கிறது. எல்929 என்னும் எலிச் செல்களைத் தட்டில் வளர்த்து, சோதிக்கும் பொருளோடு சேர்த்து வைப்பார்கள். பிறகு எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தை இடுவார்கள். உயிருள்ள செல்கள் அதை ஊதாவாக மாற்றும். எதுவும் சேர்க்காத செல்களோடு ஒப்பிட, உயிர்ப்பு 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அந்தப் பொருளுக்குக் கலநச்சுமை உண்டென்று கொள்வார்கள். கரைப்பான்களில் இதைச் செய்வது எளிதன்று. அவை ஆவியாகித் தட்டின் பக்கத்துக் குழிகளில் உள்ள செல்களையும் பாதிக்கும். குளோரோஃபாம் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன தட்டையே கரைத்துவிடும்.

புற்றுநோய் அச்சத்தை இந்தச் சொல்லோடு குழப்பக் கூடாது. குளோரோஃபாமைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2பி பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்று உண்டாக்கக்கூடும் என்ற பிரிவில், வைத்தது. அது புற்றூக்கத் தன்மை. டிஎன்ஏவுக்கு நேரும் சேதம் மரபணு நச்சுமை. இவற்றுக்குச் சோதனைகளும் வேறு.