ஊர் மாதா கோயிலுக்குப் பணம் அனுப்பும் முன்

கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருக்கும் மாதா கோயிலின் படங்களைப் போன வாரம் ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நூறு வயதைத் தாண்டிய கட்டடம். சிங்கப்பூரில் வேலை செய்யும் ஊர்க்காரர்கள் ஆளுக்கு இவ்வளவு வெள்ளி என்று போட்டு, சுவர் முழுக்கச் சிமெண்ட் பூசி, இடுப்பளவுக்கு டைல்ஸ் ஒட்டி, அதற்கு மேல் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். இரண்டு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. டைல்ஸ் முடியும் இடத்துக்கு மேலே சுவர் பொரிந்து கொட்டுகிறது. "செங்கல்லே மக்கிப் போச்சு சார், இடிச்சுட்டுப் புதுசா கட்டிடலாமா?" என்று கேட்கிறார்.

பழைய கட்டடங்களைச் செப்பனிடுவது என் தொழில். இதே கேள்வி இதே மாதிரிப் படங்களோடு திரும்பத் திரும்ப வருகிறது, ஊர்ப் பெயர் மட்டும்தான் மாறுகிறது. பொறுமை போய்விட்டதால் வெளிப்படையாகவே சொல்கிறேன். அந்தச் செங்கல் தானாக மக்கவில்லை. நீங்கள் அனுப்பிய பணம்தான் அதை மக்க வைத்தது.

"சிமெண்ட் சுண்ணாம்பைவிட உறுதி, அதனால் நல்லது" என்று எல்லோரும் நம்புகிறார்கள். உறுதிதான். பழைய சுவருக்கு அந்த உறுதியே எமன். அந்தக் காலத்துச் சுவர்களின் அடியில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு கிடையாது. தரையிலிருந்து ஓதம் ஏறிக்கொண்டேதான் இருக்கும், கூடவே உப்பும் ஏறும். சுண்ணாம்புக் காரையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. ஈரம் அதன் வழியே வெளியேறிக் காய்ந்துவிடும், உப்பு காரையின் மேல் பூக்கும். அதைத் தேய்த்துவிட்டு மறுபடி வெள்ளையடிப்பார்கள். காரை தேயும், செங்கல் பிழைக்கும். கட்டியவர்கள் தெரிந்தே செய்த ஏற்பாடு அது. நீங்கள் சிமெண்டையும் டைல்ஸையும் வைத்து அந்த வழியை அடைக்கிறீர்கள். ஈரம் என்ன செய்யும்? டைல்ஸ் எங்கே முடிகிறதோ அதுவரை ஏறும். உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி, விரிந்து, செங்கல்லின் முகத்தை மாவாக்கும். அப்புறம் அந்த மாவைக் கையில் எடுத்துக் காட்டி, "பாருங்க, பழைய கட்டடம், தரமில்லை" என்கிறார்கள்.

சுண்ணாம்பு ஏழைகளின் பூச்சு என்று நினைப்பவர்கள் ஒருமுறை சிங்கப்பூர் சிட்டி ஹால் பக்கம் போய் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தைப் பாருங்கள். அது ஆங்கிலிக்கன் சபையின் கோயில், 1861இல் கட்டி முடிக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பில் எழுந்தது. கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் எல்லாம் சேர்த்து அரைத்த மெட்ராஸ் சுண்ணம்தான் அதன் சுவரில் பூசப்பட்டது. நம் ஊர்ப் பக்கத்துக் கைவேலையை இங்கே வாய் பிளந்து பார்த்துவிட்டு, ஊரில் இருப்பதைச் சுரண்டி எறியப் பணம் கொடுக்கிறோம்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "வேளாங்கண்ணியையே மாத்தி மாத்திக் கட்டலையா?" கட்டினார்கள். எப்படி என்று பாருங்கள். முதலில் கூரைக் கோயில். புயலில் தப்பிக் கரை சேர்ந்த போர்ச்சுக்கீசிய வணிகர்கள் எழுப்பியது அடுத்த கோயில் என்பது மரபு. அவர்கள் பிறகு கொண்டுவந்து கொடுத்த பீங்கான் தட்டுகளை இன்றைக்கும் பீடத்தருகே பார்க்கலாம். 1771இல் தனிப்பங்கானது. 1933இல் இரு பக்கமும் சிறகுகள் சேர்ந்தன. 1962இல் அதைப் பேராலயமாக உயர்த்தியவர் திருத்தந்தை 23ஆம் ஜான். கூட்டம் இன்னும் பெருகியபோது, 1975 வாக்கில் லூர்து நகர்ப் பேராலயத்தின் சாயலில் பின்பக்கம் இரண்டடுக்கில் நீட்டித்தார்கள். இடம் போதாதபோது பக்கத்திலும் பின்னாலும் சேர்த்ததைத்தான் இந்த வரலாற்றில் நான் பார்க்கிறேன்.

பிரான்சின் லூர்து இதைவிடத் தெளிவான பாடம். 1858இல் பெர்னதெத்துக்கு மாதா காட்சி கொடுத்த மசபியேல் குகையின் பாறை மேலேயே 1871இல் கோதிக் பாணியில் மேல் பேராலயத்தை முடித்தார்கள். குகை கீழே அப்படியே இருக்கிறது. அதுவும் போதாமல் அதன் முன்னால், தாழ்வான இடத்தில், பைசாந்திய பாணியில் ஜெபமாலைப் பேராலயம் 1889இல் வந்தது. நூற்றாண்டு விழாவுக்கு இன்னும் இடம் வேண்டியிருந்தது. என்ன செய்தார்கள் தெரியுமா? மண்ணுக்கு அடியில் போனார்கள். அந்த நிலத்தடிப் பேராலயம் 201 மீட்டர் நீளம், 81 மீட்டர் அகலம், உள்ளே மறைக்க ஒரு தூண்கூடக் கிடையாது. உள்ளே எஃகுக் கம்பிகளை இழுத்து இறுக்கி வலுவேற்றும், பொறியாளர் பிரெசினேயின் முன்தகைவுக் கான்கிரீட்டால் அது சாத்தியமானது. இருபத்தைந்தாயிரம் பேர் கொள்ளும். 1958 மார்ச்சில் அதை அர்ச்சித்தவர் கர்தினால் ரொங்காலி. பிறகு வேளாங்கண்ணியை உயர்த்திய அதே 23ஆம் ஜான்தான் அவர். நான் கான்கிரீட்டுக்கு எதிரி இல்லை. புதியதைப் புதிய பொருளால் கட்டுங்கள், பழைய சுவர்மேல் அதை அப்பாதீர்கள்.

சிங்கப்பூர் ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக 1888இல் எழுந்தது, 2005 முதல் தேசிய நினைவுச்சின்னம். அங்கே ஒரு சன்னலை மாற்றுவதென்றாலும் அனுமதி வேண்டும். ஞாயிறு பூசைக்கு வந்து அதன் வளைவுகளைப் படம் எடுப்பவர்கள்தான் ஊர்க் கோயிலுக்கு கிரானைட் விலை விசாரிக்கிறார்கள். மனசு வலிக்கிறது.

பணம் அனுப்புங்கள், ஆனால் எதற்கு என்று கேட்டு அனுப்புங்கள். முதல் செலவு கூரைக்கு, அடுத்தது மழைநீர் சுவரை விட்டு விலகி ஓடும் வாய்க்காலுக்கு. பாதிச் சிக்கல் அங்கேயே தீரும். சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் வெடுக்கென்று பிடுங்காதீர்கள், வேரோடு சுவரும் வரும். வெட்டி வேரைச் சாகடித்த பிறகு எடுக்க வேண்டும். மரப் பீடத்துக்கு எனாமல் பெயிண்ட் அடிக்கவே அடிக்காதீர்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள், பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பின் தமிழ்நாட்டுக் கிளைகளில் விசாரியுங்கள். தொடும் முன் எல்லாச் சுவரையும் படம் எடுத்து வையுங்கள். கல்வெட்டில் பெயர் பொறிக்க வேண்டுமா? வாய்க்கால் கட்டியதற்கும் பொறிக்கலாம். பங்குத்தந்தையிடம் தயவுசெய்து பேசுங்கள், பணம் கொடுப்பவர் சொன்னால் கேட்பார்கள்.

டைல்ஸ் ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டதென்றால், ஒரு சுவரில் மட்டும் அதையும் சிமெண்டையும் பக்குவமாகக் கழற்றி, ஒரு கோடை முழுக்கக் காய விடுங்கள். மேலே பூத்த உப்பைத் துடைப்பத்தால் தட்டி எடுத்து, வெளியே கொட்டுங்கள். அதன் பிறகு அதே சுவரைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். இடிப்பதா வேண்டாமா என்பதை அப்போது பேசலாம்.