முதல்ல பிஸ்டன், அப்புறம் லேத்

வேலூர் காட்பாடியில் ஒரு பட்டறை. என் ஸ்கூட்டருக்கு கிளட்ச் கேபிள் மாற்றக் காத்திருந்தபோது, யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்றைத் தள்ளிக்கொண்டு ஒரு பையன் வந்தான். புது எக்ஸ்பான்ஷன் சைலன்சர் பளபளத்தது. "சவுண்டு மட்டும்தாண்ணா வருது, வண்டி இழுக்கவே மாட்டுது." மெக்கானிக் கிக்கரைக் கையால் அழுத்தினார். சைக்கிள் பெடல் போல அது பாட்டுக்குக் கீழே போனது. பிஸ்டனும் சிலிண்டரும் தேய்ந்து, அழுத்தம் கசிந்துகொண்டிருந்தது. "கம்ப்ரெஷனே இல்ல தம்பி. இதுல சைலன்சர் இன்னா பண்ணும்?"

அந்தக் குழாய் என்ன செய்யும் என்பதைப் பார்த்துவிட்டால், பையன் எங்கே தவறினான் என்பது புரிந்துவிடும்.

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் எரிந்த புகை வெளியே போவதும், பெட்ரோலும் காற்றும் சேர்ந்த புதுக் கலவை உள்ளே வருவதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. அதனால் புதுக் கலவையில் கொஞ்சம் எரியாமலே சைலன்சருக்குள் ஓடிவிடும். எக்ஸ்பான்ஷன் சைலன்சர் வயிறு பெருத்த குழாய். புகை வெளியேறும் வாசலான எக்ஸாஸ்ட் போர்ட் திறந்ததும் அழுத்த அலை ஒன்று அதற்குள் பாய்கிறது. குழாய் விரியும் இடத்தில் உறிஞ்சும் அலையாகத் திரும்பி, மிச்சப் புகையை இழுத்தெடுக்கிறது. பின்னால் குழாய் குறுகும் இடத்தில் மோதித் திரும்புவது தள்ளும் அலை. தப்பி ஓடிய கலவையை, போர்ட் மூடுவதற்குச் சற்று முன் சிலிண்டருக்குள்ளேயே திருப்பி அனுப்புகிறது. கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் இதை மெருகேற்றி மெருகேற்றி, 1961இல் 125 சிசியில் 25 குதிரைத்திறன் எடுத்தார். நம் ஆர்எக்ஸ் கம்பெனியிலிருந்து வந்தபோது 98 சிசிக்கு 11.

எல்லாம் நேரக் கணக்குதான். 7,500 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 7,500 சுற்றில், ஒரு சுற்றுக்கு 8 மில்லி செகண்ட். போர்ட் அதில் ஏறத்தாழ பாதி நேரம், 4 மில்லி செகண்ட், திறந்திருக்கும். சூடான புகையில் அலையின் வேகம் செகண்டுக்கு சுமார் 500 மீட்டர். 4 மில்லி செகண்டில் 2 மீட்டர் ஓடும். போய்வர வேண்டும் என்பதால் குழாய்க்குக் கிடைப்பது 1 மீட்டர். இதையே 9,000 ஆர்பிஎம்முக்குக் கணக்குப் போட்டால் 83 சென்டிமீட்டர்தான். ஆக, எந்த ஆர்பிஎம்மில் இழுக்க வேண்டும் என்று முடிவு செய்யாமல் வாங்கிய சைலன்சர் வெறும் சத்தம். ஆபீசர்ஸ் லைன் நெரிசலில் தினமும் ஊர்கிறவனுக்கு 9,000இல் கண் விழிக்கும் இன்ஜின் தண்டனை. (பொது ரோட்டில் ஓட்டுவதாக இருந்தால் வண்டியை மாற்றியமைப்பது பற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவையும் ஒருமுறை படித்துக்கொள்வது நல்லது.)

எனவே யோசிப்பது சைலன்சர் பக்கத்திலிருந்து. ஆனால் காசைப் போடுவது அடியிலிருந்து.

அடி என்றால் கிராங்க், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு. ஆர்எக்ஸின் போரும் (சிலிண்டரின் விட்டம்) ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஓடும் தூரம்) தலா 50 மில்லிமீட்டர். 7,500 ஆர்பிஎம்மில் பிஸ்டன் செகண்டுக்கு 250 முறை நின்று திரும்புகிறது. உச்சியில் அது தாங்கும் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 1,500 மடங்குக்கும் மேல். ஆர்பிஎம்மை 9,000க்கு ஏற்றினால் விசை அதன் வர்க்கத்தில் ஏறும்: 20 சதவீத வேகத்துக்கு 44 சதவீதம் கூடுதல் அடி. அதை வாங்குவது பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடும், அதன் கீழ்முனையிலுள்ள பிக் எண்ட் பேரிங்கும். கிராங்க் ஆயில் சீல் இன்னும் நைசான எதிரி. டூ ஸ்ட்ரோக்கில் கலவை கிராங்க் கேஸ் வழியாகத்தான் போகிறது. காய்ந்த சீல் வழியே காற்று புகுந்தால் பெட்ரோல் விகிதம் குறைந்து, சூடு ஏறி, பிஸ்டன் நகர முடியாமல் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். விலை குறைந்த சாமான்தான், ஆனால் மாற்ற இன்ஜினையே பிரிக்க வேண்டும். மேலே எல்லாம் முடித்துவிட்டு இதற்காக மறுபடி பிரித்தால் கூலி இரண்டு தடவை.

அடுத்து போரிங், அதாவது தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது. பையன் சிலிண்டரைக் கையோடு லேத்துக்குக் கொண்டுபோகக் கிளம்பினான். "முன்ன பிஸ்டன் வாங்கினு வா, அப்பால லேத்துக்குப் போவலாம்" என்று தடுத்தார் மெக்கானிக். ஓவர்சைஸ் பிஸ்டன் கால் மில்லி, அரை மில்லி பெரிது என்றுதான் கிடைக்கும். அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும் என்பதால், இரண்டுக்கும் நடுவிலான இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு என்ற அளவில் சரியாக இருக்க வேண்டும். அதனால் கையிலுள்ள பிஸ்டனை அளந்துதான் சிலிண்டரைக் கடைவார்கள்.

போர்ட்டை அரத்தால் உயர்த்துவது அதற்குப் பிறகே, அதுவும் அந்த சைலன்சருக்குத் தேவை என்றால் மட்டும். அரை மில்லி ராவினால் மேல் ஆர்பிஎம் கூடும், கீழ் இழுவை குறையும். ராவியதைத் திருப்பி ஒட்ட முடியாது. நான் என்றால் தொடவே மாட்டேன்.

பெட்ரோல் அளவை முடிவு செய்யும் சிறு துளையான கார்ப்பரேட்டர் ஜெட் கடைசி. மேலே சொன்ன எதை மாற்றினாலும் காற்றின் அளவு மாறும். முன்கூட்டியே ஜெட் போட்டால் மறுபடி போட வேண்டும். பெட்ரோலும் மாறிவிட்டது. 20 சதவீத எத்தனால் கலந்ததை எரிக்கக் காற்று குறைவாகப் போதும். பழைய ஜெட்டில் அது பெட்ரோல் பற்றாக்குறையாகவே முடியும். மெயின் ஜெட்டை ஒரு நம்பர் பெரிதாக்க வேண்டியிருக்கலாம்.

வேலூருக்கென்று ஒரு கணக்கும் உண்டு. மே மாத மதியம் 42 டிகிரி, டிசம்பர் விடிகாலை 18 என்று வைத்துக்கொள்வோம். குளிர்ந்த காற்றுக்கு 8 சதவீதம் அடர்த்தி அதிகம். மதிய வெயிலில் கச்சிதமாக வைத்த ஜெட், டிசம்பர் காலையில் பெட்ரோல் போதாமல் பிஸ்டனைப் பிடிக்க வைக்கும். ஏலகிரி மலை ஏறினால் நேர்மாறு: உயரத்தில் காற்று மெலிந்து, பெட்ரோல் மிஞ்சி, வண்டி குமுறிக் குமுறிப் போகும். அதனால் ஒன்றும் உடையாது.

பிஸ்டன் வரும்வரை சைலன்சரை ஆணியில் மாட்டிவிட்டுப் பையன் கிளம்பினான். "எல்லாம் மாட்டினப்புறம் ஜெட் பாக்க மத்தியானத்துல வராத," என்றார் மெக்கானிக். "காலைல ஆறு மணிக்கு வா."