எத்தனை ஜன்னல்?

எங்கள் மன்னார்குடி வீட்டை விற்றுப் பதினோரு வருடம் ஆகிறது. போன தீபாவளிக்கு எல்லோரும் கூடியிருந்தபோது, முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த அம்மாவிடம் சும்மா கேட்டேன்: “அந்த வீட்டுல மொத்தம் எத்தனை ஜன்னல்மா?”

அம்மா கையிலிருந்த அச்சைக் கீழே வைக்கவில்லை. கண் மட்டும் எண்ணெய்ச் சட்டியை விட்டு விலகிச் சுவரில் எங்கோ போய் நின்றது. உதடு லேசாக அசைந்தது. “திண்ணைப் பக்கம் ரெண்டு... கூடத்துல ரெண்டு... மாடிப்படிக்குக் கீழ ஒரு சின்னது...” இப்படியே வாசலில் நுழைந்து கொல்லைப்புறம் வரை நடந்து முடித்துவிட்டு, “ஏழு” என்றாள்.

நானும் அப்படித்தான் எண்ணினேன். கூடத்து ஜன்னலின் பச்சைப் பெயிண்ட் கீழ் ஓரத்தில் உரிந்திருந்ததுகூட எனக்குத் தெரிந்தது. தம்பி எங்கள் இருவருக்கும் முன்பே ஏழு என்று சொல்லியிருந்தான். எப்படி எண்ணினாய், வீடு கண்ணில் தெரிந்ததா என்று கேட்டேன்.

“தெரியறதுன்னா?”

“கண்ணை மூடினா வீடு தெரியுமில்ல?”

“கண்ணை மூடினா இருட்டுதானேக்கா தெரியும்.”

அவனுக்கு நாற்பது வயது. மனக்கண், கண்முன் நிற்கிறது, நினைத்துப் பார்க்கிறேன் என்பதெல்லாம் வெறும் பேச்சு வழக்கு என்றுதான் இத்தனை காலம் நினைத்திருக்கிறான். நாங்கள் உண்மையிலேயே எதையோ பார்க்கிறோம் என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. அவனுக்கு ஒன்றும் தெரிவதில்லை என்பது எனக்கும் அன்றுதான் தெரிந்தது.

இந்தக் கேள்வியை முதலில் முறையாகக் கேட்டவர் பிரான்சிஸ் கால்டன். சார்லஸ் டார்வினின் உறவினர். 1880இல் அவர் வெளியிட்ட ஆய்வில் கேட்டது எளிய விஷயம்: இன்று காலை உணவுக்கு உட்கார்ந்த மேசையை நினைத்துக்கொள்ளுங்கள், அது பளிச்சென்று தெரிகிறதா, மங்கலாகவா, நிறத்தோடா? சிலர் நேரில் பார்ப்பதுபோலவே இருக்கிறது என்று எழுதினார்கள். அவர் முதலில் கேட்ட விஞ்ஞானிகளில் பலரோ, அப்படி ஒரு படம் மனதில் தோன்றும் என்பதையே நம்பவில்லை. கேட்டவர்தான் ஏதோ கற்பனையில் மிதக்கிறார் என்று நினைத்தார்கள். பின்னாளில் அந்தப் பதில்களைத் திரும்பப் படித்தவர்கள், விஞ்ஞானிகள் விஷயத்தில் கால்டன் கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டார் என்றார்கள். ஆனால் இது ஆளுக்கு ஆள் மாறும் என்ற அவருடைய அடிப்படைக் கண்டுபிடிப்பு இன்றும் நிற்கிறது.

அப்புறம் நூறு வருடத்துக்கு மேல், படமே தோன்றாதவர்களைப் பற்றிப் பெரிதாக யாரும் ஆராயவில்லை. 2010இல் ஆடம் ஜெமன் என்ற பிரிட்டிஷ் நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். பணி ஓய்வு பெற்ற சர்வேயர், வயது 65. இதயக் குழாய் அடைப்புக்கு ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்ட பிறகு, அவர் மனதில் படம் தோன்றுவது அடியோடு நின்றுபோயிருந்தது. அந்தச் செய்தி ஓர் அறிவியல் பத்திரிகையில் வந்ததும், “எனக்குப் பிறவியிலிருந்தே இப்படித்தான்” என்று பலர் ஜெமனுக்கு எழுதினார்கள். அவர்களில் 21 பேரை வைத்து 2015இல் அவர் இந்த நிலைக்கு அஃபாண்டேசியா என்று பெயர் வைத்தார். இப்போதுள்ள கணக்குப்படி, எப்படிக் கோடு போட்டுப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்து, 100 பேரில் ஒருவர் முதல் நான்கு பேர் வரை இப்படி இருக்கிறார்கள். பிக்ஸார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான எட் கேட்மல் அவர்களில் ஒருவர். உலகத்துக்கே படம் காட்டிய அவருக்கு மனதுக்குள் படம் ஓடாது.

சரி, ஒருவர் தனக்குப் படம் தெரியவில்லை என்று சொன்னால் அதை எப்படி நம்புவது? அவர் சொல்லத் தெரியாமல் சொல்கிறாரோ என்னவோ. ஜோயல் பியர்சன் சிட்னியில் நடத்தும் ஆய்வுக்கூடம் இதற்குக் கண்மணியையே சாட்சிக்கு அழைத்தது. வெளிச்சம் பட்டால் கண்ணின் பாப்பா சுருங்கும், இருட்டில் விரியும். இது நம் கட்டுப்பாட்டில் இல்லை. பளிச்சென்ற ஒரு முக்கோணத்தை வெறுமனே நினைத்துக்கொண்டாலும் பெரும்பாலோருக்குப் பாப்பா கொஞ்சம் சுருங்குகிறது. அஃபாண்டேசியா உள்ளவர்களுக்கு நிஜ வெளிச்சத்தில் வழக்கம்போலச் சுருங்கியது. நினைத்துக்கொள்ளச் சொன்னபோது மாற்றமே இல்லை. முயற்சி செய்யாமல் சும்மா இருந்தார்களா? இல்லை. ஒன்றுக்குப் பதில் நான்கு உருவங்களை நினைக்கச் சொன்னபோது அவர்களுடைய பாப்பா விரிந்தது. மூளை கஷ்டப்பட்டு வேலை செய்யும்போது அப்படித்தான் விரியும். 2022இல் வந்த இந்த முடிவைப் படித்தபோது எனக்குத் தம்பி நினைவுதான் வந்தது. பள்ளியில் “கண்ணை மூடி ஒரு கடற்கரையைக் கற்பனை செய்” என்றால், அவனும் கண்ணை இறுக மூடிக்கொண்டு நிஜமாகவே முயன்றிருப்பான்.

இல்லாத ஒன்று மனதில் தெரிவது எப்படி? நிஜமாகப் பார்க்கும்போது செய்தி கண்ணிலிருந்து பின்மண்டையில் இருக்கும் மூளையின் பார்வைப் பகுதிக்குப் போய், அங்கிருந்து முன்னோக்கிப் பரவுகிறது. நினைத்துப் பார்க்கும்போது ஓட்டம் ஏறக்குறைய தலைகீழ். மூளையின் முன்பகுதியும் நினைவுப் பகுதிகளும் பார்வைப் பகுதிகளை முன்னாலிருந்து தட்டி எழுப்புகின்றன. சிலருக்கு இந்தப் பாதை அகலம், சிலருக்குக் குறுகல். மனப்படம் மிகத் தெளிவாக உள்ளவர்களுக்கு முன்பகுதிக்கும் பார்வைப் பகுதிக்கும் இடையேயான தொடர்பு, அஃபாண்டேசியா உள்ளவர்களைவிட வலுவாக இருப்பதை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், விழித்திருக்கும்போது படமே தோன்றாத பலருக்குக் கனவு மட்டும் படமாகவே வருகிறது. மனப்படத்தை வேண்டும்போது எழுப்புவதும், அது தானாக வருவதும் ஒரே வழியில் நடப்பதில்லை போலும்.

மனப்படம் வெறும் அலங்காரமா, அதை வைத்து வேலை நடக்கிறதா என்று ஒரு பழைய சண்டை உண்டு. 1971இல் ரோஜர் ஷெப்பர்டும் ஜாக்குலின் மெட்ஸ்லரும் பத்துக் கனசதுரங்களை ஒட்டிச் செய்த கோணல்மாணலான உருவங்களை ஜோடி ஜோடியாகக் காட்டி, இரண்டும் ஒன்றா, வேறா என்று கேட்டார்கள். ஒன்று மற்றதிலிருந்து எவ்வளவு திரும்பியிருந்ததோ, அதே விகிதத்தில் பதில் சொல்ல எடுத்த நேரமும் கூடியது. கணக்குப் போட்டால், மனதுக்குள் உருவம் நொடிக்குச் சுமார் 60 டிகிரி சுழல்கிறது. கையில் வைத்துத் திருப்புவது போலவே! ஜெமன் பார்த்த சர்வேயருக்கும் இதே மாதிரிப் பரீட்சை வைத்தார்கள். விடைகள் சரியாகவே இருந்தன. ஆனால் கோணம் கூடக் கூட நேரம் கூடவில்லை. அவர் எதையும் சுழற்றவில்லை. வேறு ஏதோ வழியில் அதே விடைக்குப் போய்ச் சேர்ந்தார்.

எனக்கு இந்த ஆராய்ச்சிகளிலேயே மிகவும் பிடித்தது இதுதான். படம் இருந்தாலும் விடை வருகிறது, இல்லாவிட்டாலும் வருகிறது.

இனி சொற்களுக்கு வருவோம். போனில் ஓடிபி வருகிறது. ஆறு இலக்கம். ஒரு திரையிலிருந்து இன்னொரு திரைக்குப் போவதற்குள் “நாலு ஏழு ஒண்ணு, ஒம்பது ரெண்டு ரெண்டு” என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே போகிறோம். வழியில் யாராவது “சாப்பிட்டியா?” என்று கேட்டால் போச்சு. ஆலன் பேட்லியும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1970களில் விளக்கியது இந்த வளையத்தைத்தான்: இரண்டொரு நொடி நீளமுள்ள ஒலி, திரும்பத் திரும்பச் சொன்னால்தான் நிற்கும். அதனால்தான் சின்னச் சின்னச் சொற்கள் அதிகம் நினைவில் தங்கும், நீளச் சொற்கள் குறைவாகத் தங்கும். நீங்களே செய்து பார்க்கலாம். வாயால் “சரி சரி சரி” என்று விடாமல் சொல்லிக்கொண்டே ஓர் ஓடிபியை மனதில் வைத்துப் பாருங்கள். வளையத்தில் இடமிருக்காது.

அந்த உள்பேச்சு எங்கிருந்து வருகிறது? லெவ் வைகாட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளர், 1934இல் தன் 37ஆம் வயதில் காசநோயில் இறந்தவர், குழந்தைகளைப் பார்த்தே விடை கண்டுபிடித்தார். மூன்று நான்கு வயதுக் குழந்தை தனியாக விளையாடும்போது வாய்விட்டுப் பேசிக்கொண்டே இருக்கும்: “இதை இங்க வைக்கணும்... விழுந்துடுச்சு... இன்னொண்ணு.” பள்ளிப் பருவத்தில் அந்தப் பேச்சு மெல்ல அடங்குகிறது. அது மறைந்துவிடவில்லை, உள்ளே போய்விட்டது என்றார் அவர். உள்ளே போனதும் சுருங்குகிறது. டிராமுக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் “நாம் காத்திருக்கும் டிராம் வருகிறது” என்று யாரும் முழு வாக்கியம் சொல்வதில்லை, “வருது” என்றாலே போதும் என்று காட்டினார். நமக்கு நாமே பேசும்போது எல்லாமே இந்த “வருது” ரகம்தான். வெளிப் பேச்சிலேயே எழுவாயை விட்டுவிட்டுப் பேசும் தமிழர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

இந்த உள்பேச்சும் எல்லோருக்கும் ஒரே அளவில் இல்லை. 2024இல் வந்த ஓர் ஆய்வில், உள்பேச்சு மிகக் குறைவு என்று சொன்னவர்கள் சொற்களை நினைவில் வைப்பதிலும், இரண்டு பொருள்களின் பெயர்கள் எதுகைபோல ஒலிக்கின்றனவா என்று தீர்மானிப்பதிலும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் பின்தங்கினார்கள். சிலர் அப்போது வாய்விட்டே சொல்லிப் பார்த்துச் சமாளித்தார்கள்.

அப்படியானால் சொல்லா படமா? ரஸல் ஹர்ல்பர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களிலிருந்து இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். ஆட்களிடம் ஒரு பீப்பரைக் கொடுத்து அன்றாட வேலைகளைப் பார்க்கச் சொல்வார். அது எதிர்பாராத நேரத்தில் ஒலிக்கும். ஒலிப்பதற்கு முந்தைய கணத்தில் மனதில் என்ன இருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அவர் உட்கார்ந்து துருவித் துருவிக் கேட்பார். “நான் எப்போதும் வார்த்தைகளில்தான் யோசிக்கிறேன்” என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவர்களின் குறிப்புகளில் பல நேரம் வார்த்தையே இருப்பதில்லை. சராசரியாகப் பார்த்தால் உள்பேச்சு ஏறக்குறைய கால்வாசிக் கணங்களில்தான் வருகிறது. மனப்படம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆனால் சராசரிக்கு இங்கே அதிக மதிப்பில்லை. ஒருவருக்கு உள்பேச்சு அறவே இல்லை, இன்னொருவருக்கு முக்கால்வாசி நேரமும் அதுதான்.

அவர் கண்ட இன்னொன்றுதான் என்னை நிறுத்தி வைத்தது. சொல்லும் இல்லாமல் படமும் இல்லாமல் தெளிவான ஓர் எண்ணம் மட்டும் இருப்பது. பஸ் ஏறி இரண்டு ஸ்டாப் போன பிறகு திடீரென்று கேஸை அணைத்தோமா என்ற சந்தேகம் வருகிறது. “கேஸை அணைத்தோமா” என்று உள்ளே யாரும் சொல்லவில்லை. அடுப்பும் கண்முன் வரவில்லை. ஆனால் கேள்வி முழுதாக வந்துவிட்டது, வயிறும் கலங்கிவிட்டது. சொல்லும் படமும் அதற்குப் பிறகு ஓடி வந்து ஒட்டிக்கொள்பவை.

மூளைச் சேதத்தால் மொழியை இழந்தவர்களும் இதையே காட்டுகிறார்கள். 2005இல் ரோஸ்மேரி வார்லி குழுவினர் இங்கிலாந்தில் மூன்று பேரை ஆராய்ந்தார்கள். சிங்கம் மனிதனைக் கொன்றதா, மனிதன் சிங்கத்தைக் கொன்றானா என்பதை ஆங்கிலத்தில் சொல் வரிசைதான் காட்டும். அந்த மூவருக்கும் அது பிடிபடவில்லை. ஆனால் எந்த எண்ணிலிருந்து எதைக் கழிக்க வேண்டும் என்பதில் அவர்கள் குழம்பவில்லை. அடைப்புக்குறி போட்ட கணக்குகளையும் போட்டார்கள். அமெரிக்காவின் எம்ஐடியில் எவலினா ஃபெடரென்கோ நடத்தும் ஸ்கேன் ஆய்வுகளிலும் இதேதான்: வாக்கியம் படிக்கும்போது விழித்துக்கொள்ளும் மொழிப் பகுதிகள், கணக்குப் போடும்போதும் புதிர் விடுவிக்கும்போதும் பெரும்பாலும் அமைதியாக இருக்கின்றன. மொழி முதலில் பிறரோடு பேசுவதற்கான கருவி, யோசிப்பதற்கு அது கட்டாயமில்லை என்று அவரும் இன்னும் இருவரும் 2024இல் வாதிட்டார்கள். எனக்கு அது சரியென்றே படுகிறது, ஓடிபி விஷயத்தில் மொழி எவ்வளவு கைகொடுத்தாலும்.

எங்கள் தெருவில் ஒரு பெண் குழந்தை அபாகஸ் வகுப்புக்குப் போகிறாள். கணக்குச் சொன்னால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காற்றில் மணி தள்ளும். கண் மேசையில் இல்லாத சட்டத்தைப் பார்க்கும். குஜராத்தில் இப்படிப் பழகிய குழந்தைகளை மைக்கேல் ஃபிராங்க், டேவிட் பார்னர் இருவரும் ஆராய்ந்து 2012இல் எழுதினார்கள். காதில் விழும் கதையைத் திரும்பச் சொல்லிக்கொண்டே கணக்குப் போடச் சொன்னபோதும், அபாகஸ் பழகாத பெரியவர்களைப் போல இவர்கள் தடுமாறவில்லை. எண்ணைச் சொல்லாக வைத்திருந்தால் கதை வந்து அதைக் கலைத்திருக்கும். நம்மில் பலர் வாய்ப்பாடாக, ஒலியாக வைத்திருக்கும் ஒன்றை இவர்கள் பழக்கத்தால் படமாக மாற்றிக்கொண்டுவிட்டார்கள்.

தீபாவளி மறுநாள் தம்பியிடமும் என்னிடமும் ஆளுக்கு ஒரு தாள். அந்த வீட்டை நினைவிலிருந்து வரைய வேண்டும். சிகாகோவில் வில்மா பெயின்பிரிட்ஜ் செய்த சோதனையைப் படித்திருந்ததால் வந்த ஆசை. அறைகளின் போட்டோவைக் காட்டி, பிறகு நினைவிலிருந்து வரையச் சொன்னார்கள். அஃபாண்டேசியா உள்ளவர்கள் குறைவான பொருள்களையே வரைந்தார்கள், ஆனால் அவற்றை வைத்த இடமும் அளவும் மற்றவர்கள் வரைந்ததற்குக் குறையவில்லை. படத்தில் இல்லாத பொருளைச் சேர்த்த தவறு அவர்களிடம் குறைவு.

நான் உரிந்த பெயிண்ட், துளசி மாடம், கூடத்துக் காலண்டர், அப்பாவின் சாய்வு நாற்காலி எல்லாம் போட்டேன். தம்பியின் தாளில் கோடுகளும் கட்டங்களும்தான். கிணற்றுக்கு ஒரு வட்டம். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து இரண்டையும் தரையில் விரித்துப் பார்த்தாள். என்னுடையதில் காலண்டர் மாட்டிய சுவரைக் காட்டி, “இங்க ஆணியே கிடையாதே, அது அடுக்களைப் பக்கம்னா மாட்டியிருந்தோம்” என்றாள். சாய்வு நாற்காலி அப்பா போவதற்கு ஒரு வருடம் முன்னால், இப்போதிருக்கும் வீட்டுக்காக வாங்கியதாம்.

தம்பியின் தாளில் அவள் ஒன்றையும் மாற்றவில்லை. வட்டத்தின் மேல் விரலை வைத்து, “கிணத்துக்கும் வாசப்படிக்கும் ஆறடி. சரியாப் போட்டிருக்கான்” என்றாள்.