மலம் கறுத்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள்

ரங்கூனில் இரைப்பை, குடல் நோய் வார்டில் போஸ்டிங் தொடங்கியபோது பேராசிரியர் எங்களுக்கு முதலில் சொன்னது இதுதான்: வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் முன் மலத்தின் நிறத்தைக் கேளுங்கள். ரத்தக் கசிவோடு அங்கே வருகிறவர்கள் பலர் அதைச் சில நாட்களாகவே பார்த்துக்கொண்டிருந்தவர்கள். வெட்கத்தில் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பெகு பக்கத்திலிருந்து ஒரு தாத்தா வந்திருந்தார். வயல் வேலை செய்கிறவர். பேரன் பக்கத்தில் நின்றவரை, தலை சுற்றுகிறது, சோறு இறங்கவில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டார். கீழிமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்திருந்தது. நாடி ஓட்டமாக ஓடியது. பேரன் டீ வாங்கப் போனதும், “வெளிக்குப் போனா எப்படி இருக்கு தாத்தா?” என்று கேட்டேன்.

“கறுப்பா, தார் மாதிரி ஒட்டுதுப்பா. நாத்தம் தாங்கல. இதப் போயி யாருகிட்ட சொல்றது?”

அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும்தான் அடையாளம். இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ கசியும் ரத்தம் கீழே இறங்குவதற்குள் செரித்துக் கறுத்துவிடும். அதனால்தான் ‘ரத்தம் போகுதா’ என்று கேட்டால் பலரும் இல்லை என்கிறார்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். ஆனால் இப்படி ஒட்டாது, இந்த நாற்றமும் இருக்காது.

தாத்தாவின் சட்டைப்பையில் மூட்டுவலிக்கு வாங்கிய பொட்டலம் இருந்தது. கடைகளில் நாலைந்து மாத்திரையைச் சேர்த்துச் சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தருவார்களே, அதுதான். உள்ளே என்ன என்று எழுதியிருக்காது. எனக்கு மனசு ஆறாதது இந்தப் பொட்டலத்தால்தான். டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் இரைப்பைச் சுவரைக் காக்கும் சளிப்படலத்தைக் குறைத்துவிடும். கூடவே ஸ்டீராய்டும் கலந்திருந்தால் புண்ணாகி ரத்தம் கசியும் ஆபத்து இன்னும் கூடும். ஆனால் வலி சட்டென்று விட்டுவிடுமா, நல்ல மருந்து என்று பெயர் பரவி, பக்கத்து வீட்டுக்காரரும் வாங்கப் போவார். சாப்பிட்ட பிறகுதானே போடுகிறேன் என்பார்கள். அது போதாது. ரத்தத்தில் கலந்த பிறகும் இந்த மாத்திரைகள் அந்தப் படலத்தைக் கெடுக்கும்.

தாத்தாவுக்கு ரத்தம் ஏற்றி, வாய் வழியாகக் கேமரா குழாயை விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி செய்தார்கள். முன்சிறுகுடலில் புண். ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியும் இருந்தது. காரம் தின்றதால், கவலைப்பட்டதால் புண் வந்தது என்று நம் வீடுகளில் இன்னும் பேசுகிறோம். ஆனால் புண்ணுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இந்தக் கிருமிதான். வாரன், மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் 1982-இல் ஆஸ்திரேலியாவில் இதைப் பிரித்தெடுத்து வளர்த்தார்கள். அதற்காக 2005-இல் நோபல் பரிசும் வாங்கினார்கள். ஆன்டிபயாடிக் மருந்தை இடையில் விடாமல் முடித்தால் கிருமி பெரும்பாலும் ஒழிந்துவிடும்.

எல்லாக் கசிவும் புண்ணால் வருவதில்லை. கல்லீரல் சுருங்கியவர்களுக்கு உணவுக்குழாயில் ரத்தநாளம் புடைத்து வெடிக்கும். ரத்த வாந்தியும் வரலாம். குடி ஒரு காரணம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் இன்னொன்று. 2015-இல் பர்மா முழுக்க எடுத்த ஆய்வில் நூற்றுக்கு ஆறு பேருக்கு மேல் அது இருந்தது. குழந்தைக்கு அந்தத் தடுப்பூசியைத் தவறாமல் போட்டுவிடுங்கள்.

மலம் தாராக ஒட்டினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றே கிளம்புங்கள். எழுந்தால் மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, குளிர்ந்த வியர்வை இருந்தால் தனியாக வரவேண்டாம். வலி மாத்திரையை உடனே நிறுத்துங்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. அப்புறம், பொட்டலத்தில் மாத்திரை மிச்சமிருந்தால் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டு வாருங்கள்.