‘பக்’ என்றால் பூச்சியா, ஒட்டுக்கேட்கும் கருவியா?

ஆங்கிலத்தில் ‘பக்’ என்னும் சிறிய சொல் பூச்சியையும் குறிக்கும், ஒட்டுக்கேட்பதற்காக அறையில் மறைத்துவைக்கும் கருவியையும் குறிக்கும், கணினி நிரலில் உள்ள பிழையையும் குறிக்கும். (1947-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகக் கணினி ஒன்றில் சிக்கிய அந்துப்பூச்சியால்தான் பிழைக்கு இப்பெயர் வந்தது என்று பலர் எழுதுகிறார்கள், எடிசனோ 1878-லேயே கருவிகளின் கோளாறுகளை ஒரு கடிதத்தில் அப்படித்தான் குறித்திருந்தார்.) அக்கம்பக்கத்துச் சொற்களைக் கொண்டு பொருளைத் தெரிந்துகொள்கிறோம் என்பது சரிதான். ஆனால் அச்சொற்கள் வேண்டாத பொருளை மனத்தில் எழவே விடுவதில்லையா, எழுந்தபின் விலக்குகின்றனவா?

இதைச் சோதித்த டேவிட் ஸ்வின்னி என்னும் உளமொழியியலாளர் 1979-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அரசுக் கட்டடம் ஒன்றின் அறை மூலையில் சிலந்திகளும் கரப்பான்களும் வேறு ‘பக்’குகளும் இருந்ததாக ஒரு வாக்கியத்தைப் பங்கேற்பாளர்கள் காதால் கேட்டார்கள்; அச்சொல் ஒலித்து முடிந்த கணத்தில் திரையில் தோன்றிய எழுத்துக்கோவை ஆங்கிலச் சொல்தானா என்று பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். எறும்பைக் குறிக்கும் சொல்லை அவர்கள் விரைவாக அறிந்துகொண்டதில் வியப்பில்லை. ஒற்றனைக் குறிக்கும் சொல்லையும், தொடர்பே இல்லாத ‘தைத்தல்’ என்பதற்கான சொல்லைவிட விரைவாக அறிந்துகொண்டார்கள். சிலந்தியும் கரப்பானும் முன்பே வந்து பொருளைத் தெளிவாக்கியிருந்தும் ஒட்டுக்கேட்கும் கருவி அவர்கள் மனத்தில் எழுந்திருக்கிறது. ஆனால் மூன்று அசைகள் கழித்துச் சோதித்தபோது எறும்புக்கு மட்டுமே அந்த விரைவு எஞ்சியிருந்தது, ஒற்றன் மறைந்துவிட்டான். இவையனைத்தும் கேட்பவர் அறியாமலே நடந்து முடிகின்றன.

எல்லாச் சொற்களிலும் பொருள்கள் சமமாக எழுவதில்லை. ‘போர்ட்’ என்றால் துறைமுகம் என்பதே மிகுதியாக வழங்கும் பொருள். ஒருவகை மதுவுக்கும் அதே பெயர் உண்டு. முன்வந்த சொற்கள் மதுவைத்தான் சுட்டுகின்றன என்றாலும் வாசகரின் கண் அச்சொல்லில் சற்றுக் கூடுதலாகத் தங்குவதைக் கண்ணசைவு ஆய்வுகள் காட்டின. பழகிய பொருள் அழைக்காமலே வந்து நிற்கிறது. அதை ஒதுக்கிவிட்டு அரிய பொருளை எடுக்க நேரம் ஆகிறது.

அடிக்கடி வழங்கும் சொற்களுக்கே பொருள்கள் மிகுதி என்று ஜார்ஜ் ஜிஃப் என்னும் மொழியியலாளர் 1945-இல் கணக்கிட்டுக் காட்டினார். அப்படிப்பட்ட சொற்களில் பல குட்டையானவை, நாவுக்கு எளியவை. புதிய பொருளுக்குப் புதிதாக ஒரு நீண்ட சொல்லை ஆக்குவதைவிட, இருக்கும் குட்டைச் சொல்லின்மேல் அதை ஏற்றுவது பேசுபவருக்கு எளிது; கேட்பவருக்கோ அதனால் கூடும் வேலை பெரும்பாலும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகிறது.