அடைத்த காதா, தேய்ந்த காதா?

கன்னியாகுமரி மாவட்டத்துக் கடியப்பட்டணம் பக்கம் பாறைகளில் முங்கி சிப்பி எடுக்கிறவரும், குளச்சலில் வள்ளத்தின் பின்பக்கம் உட்கார்ந்து மோட்டார் ஓட்டுகிறவரும் காது டாக்டரிடம் போனால் இருவரும் சொல்வது ஒன்றுதான்: "செவி செரியா கேக்கல்ல டாக்டரே." டாக்டருக்கோ இவை இரண்டு வேறு வேறு நோய்கள். முதலாமவருக்குப் பெரும்பாலும் ஒலி உள்ளே போகிற வழியில் தடங்கல். இரண்டாமவருக்கு வழி நன்றாகத் திறந்தே கிடக்கிறது. உள்ளே போன ஒலியை வாங்கிக்கொள்ள வேண்டிய செல்கள்தான் செத்துவிட்டன. முன்னதை மருந்தும் அறுவையும் பல நேரம் சரிசெய்துவிடும். பின்னதில் போனது போனதுதான்; மிச்சத்தைக் காப்பாற்றலாம், கருவி வைத்துக் கேட்கலாம்.

இந்த இரண்டையும் பிரித்தறிய பெரிய இயந்திரம் வேண்டும் என்று நினைக்க வேண்டாம். வலது காதை விரலால் நன்றாக அடைத்துக்கொண்டு, வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகிப் பாருங்கள். ஒலி எந்தக் காதில் உரக்கக் கேட்கிறது? அடைத்த காதில்தான். முதல் தடவை செய்கிறவர்கள் இன்னொரு தடவை செய்து பார்க்காமல் விடமாட்டார்கள். நம் குரல் மண்டையோட்டு எலும்பு வழியாகவும் உள்காதுக்குப் போகிறது. திறந்த காதில் அதில் ஒரு பகுதி காது வழியே வெளியே கசிந்துவிடும். அடைத்த காதில் கசிய வழியில்லை. வெளிச்சத்தமும் அந்தப் பக்கம் குறைந்திருப்பதால் உள்ளே இருப்பது இன்னும் பெரிதாகக் கேட்கிறது.

ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் வெபர் 1834-இல் இதைத்தான் எழுதிவைத்தார். இன்றைக்கும் காது டாக்டர் மேசையில் இசைக்கவை ஒன்று கிடக்கும்; தட்டினால் விநாடிக்கு 512 தடவை, அதாவது 512 ஹெர்ட்ஸில், அதிரும் உலோகக் கவை அது. அதை முழங்கையில் தட்டி நெற்றி நடுவே வைப்பார். வழியில் தடங்கல் உள்ளவருக்கு மந்தமான காதின் பக்கம் ஒலி போகும். உள்காதிலோ நரம்பிலோ கோளாறு என்றால் நல்ல காதின் பக்கம் போகும். அடுத்து அதே கவையைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் வைத்து, பிறகு காதுக்கு முன்னால் காற்றில் பிடித்து, "எது சத்தமா கேக்குது?" என்பார். காற்றில் கேட்பதைவிட எலும்பில் அதிகம் கேட்டால் தடங்கல் என்று பொருள். இது ரின்னே சோதனை, 1855-இல் வந்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், ஒரு சந்தர்ப்பத்தில் இந்த முனகல் உண்மையிலேயே காதைக் காப்பாற்றும். காலையில் எழுந்ததும் ஒரு காது 'கும்'மென்று அடைத்துக் கிடக்கிறது. வலி இல்லை, சீழ் இல்லை. சளியாக இருக்கும், அழுக்காக இருக்கும் என்று பத்து நாள் போக்குவதுதான் வழக்கம். ஆனால் முனகும்போது ஒலி நல்ல காதுக்குப் போனால் விஷயம் வேறு. அது திடீர் நரம்புச் செவித்திறன் இழப்பாக இருக்கலாம். அதற்கான ஸ்டீராய்டு மருந்து முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் நன்றாகப் பலிக்கும். இரண்டு வாரம் தாண்டினால் பலன் வெகுவாகக் குறைந்துவிடும். அதனால் அன்றைக்கே, அல்லது மறுநாளாவது காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். முனகல் சோதனை வீட்டுச் சோதனைதான், தீர்ப்பு அல்ல. ஒலி எந்தப் பக்கம் போனாலும் திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் டாக்டரிடம் போவதே சரி.

சரி, வழியில் தடங்கல் என்றால் எங்கே?

கடலுக்குள் முங்கியிருப்பவருக்கு மேலே கட்டுமரத்தில் இருப்பவர் கத்துவது கேட்காது. காற்றில் வரும் ஒலி தண்ணீர்ப் பரப்பில் பட்டதும் ஏறத்தாழ முழுவதும் திரும்பிப்போய்விடும். ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே நுழையும். நம் உள்காதும் தண்ணீர் நிரம்பியதுதான். அப்படியானால் நமக்கு எதுவுமே கேட்கக் கூடாதே! நடுக்காது இருப்பது இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான். செவிப்பறை வாங்குகிற அதிர்வை சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று குட்டி எலும்புகள் கடத்துகின்றன. செவிப்பறையின் அதிரும் பரப்பு சுமார் 55 சதுர மில்லிமீட்டர். அங்கவடியின் அடித்தட்டோ 3 சதுர மில்லிமீட்டர் சொச்சம். பெரிய பரப்பில் விழுந்த விசை சிறிய பரப்பில் இறங்குவதால் அழுத்தம் 17 மடங்காகிறது. எலும்புகள் நெம்புகோல் போலவும் இயங்குவதால் மொத்தம் 22 மடங்கு வரை போகும். நீரின் எதிர்ப்பை மீற அது ஏறத்தாழப் போதும்.

இந்த ஏற்பாட்டில் எங்கே பழுது வந்தாலும் கேட்பது குறையும். காதுக்குழாயில் அழுக்கு அடைத்தால், செவிப்பறையில் ஓட்டை விழுந்தால், நடுக்காதில் நீர் கோத்தால், அங்கவடி எலும்பு இறுகிப்போனால். ஆனால் இதில் ஒரு எல்லை உண்டு: இழப்பு 60 டெசிபலை (ஒலியளவின் அலகு) தாண்டாது. அதற்கு மேல் ஒலி மண்டையோடு வழியாகவே உள்ளே போய்விடும். அடைப்பால் மட்டும் யாரும் முழுச் செவிடாவதில்லை.

சிப்பி எடுப்பவருக்கு வருவோம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. நடுக்காதில் இருக்கும் காற்று பாதியாகச் சுருங்கும். மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்குப் போகிற யூஸ்டேஷியன் குழாய் திறந்து காற்றை உள்ளே விட்டால் தப்பித்தோம். அதற்காகத்தான் முங்குகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஊதுகிறார்கள். சளி பிடித்திருக்கும்போது குழாய் திறக்காது; செவிப்பறை உள்பக்கம் இழுபட்டு வலிக்கும், ரத்தம் கட்டும், சில நேரம் கிழியும். வலி வந்த பிறகு ஊதிப் பயனில்லை, இறங்கத் தொடங்கும்போதே ஊத வேண்டும். வலித்தால் மேலே வந்துவிட வேண்டும். சளியோடு முங்கவே கூடாது.

கிழிந்த செவிப்பறை பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். சில வாரம் பொறுக்க வேண்டும், காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மூன்று மாதமாகியும் மூடாவிட்டால் தசையுறைத் துண்டு வைத்து மூடும் அறுவை உண்டு. கெடுப்பது நாம்தான். நம் மாவட்டத்தில் தென்னைக்குப் பஞ்சமில்லை. காது வலி என்றால் தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி ஊற்றுவது பாட்டி காலத்துப் பழக்கம். ஓட்டை உள்ள காதில் ஊற்றினால் எண்ணெய் நேரே நடுக்காதுக்குப் போகும். ஓட்டை இல்லாத காதிலும், இந்த ஈரக்காற்றில் எண்ணெய்ப் பசையோடு இருக்கும் காது பூஞ்சைக்கு விளைநிலம். காதுப் பூஞ்சை வந்தவரின் காதை டார்ச் அடித்துப் பார்த்தால் நனைந்த பேப்பர் கசங்கிக் கிடப்பதைப் போலிருக்கும், மேலே கறுப்புப் பொட்டுகள். அரிப்பு தாங்காது. அரித்தால் கோழி இறகை விட்டுச் சுழற்றுவார்கள். அந்தச் சுகத்தை மறுக்க மாட்டேன், ஆனால் தோல் உரிந்து பூஞ்சை இன்னும் உள்ளே இறங்கும்.

காதில் சீழ் வடிவதை மட்டும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நிறைய, சளிபோல வடிவதைவிட, கொஞ்சமாக, நாற்றத்தோடு வடிவதே ஆபத்து. நடுக்காதுக்குள் தோல் வளர்ந்து உருண்டையாகி எலும்பை அரிக்கிற நோய் அது. மூளை பக்கத்திலேயே இருக்கிறது. அதற்குச் சொட்டு மருந்து போதாது, அறுவைதான்.

இனி மோட்டார்க்காரர். அவருடைய செவிப்பறை பளபளவென்று இருக்கும். சேதம் உள்காதில், நத்தைக்கூடு போல இரண்டரைச் சுற்று சுற்றியிருக்கும் காக்லியாவில். ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 மயிர்ச் செல்கள் அதில் வரிசையாக நிற்கின்றன. அதிர்வு வந்ததும் அவற்றின் நுனி சாயும், சாய்வு மின்குறிப்பாக மாறி நரம்பில் ஏறும். வாசலுக்கு அருகில் இருப்பவை கீச்சுக் குரலையும், உள்சுற்றில் இருப்பவை கட்டைக் குரலையும் வாங்கும். ஒலி அலை காக்லியாவில் இப்படிப் பயணிப்பதைக் கண்டறிந்ததற்காக விஞ்ஞானி பெக்கேசிக்கு 1961-இல் நோபல் பரிசு கிடைத்தது.

நாள் முழுக்கப் பெருஞ்சத்தம் கேட்டால் இந்தச் செல்கள் களைத்துச் சாகும். மனிதருக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. கோழிக்கு முளைக்கும். 1980-களின் இறுதியில் இதைக் கண்டுபிடித்தபோது ஆராய்ச்சியாளர்களே நம்பச் சிரமப்பட்டார்கள். இறகைக் கொடுத்த கோழிக்கு இருக்கிற வரம் அதை வைத்துக் காது குடைகிறவருக்கு இல்லை.

எவ்வளவு சத்தம் அதிகம்? 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்பது பொதுக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும்: 88 என்றால் 4 மணி, 91 என்றால் 2 மணி, 100 என்றால் கால் மணி. மீட்டர் இல்லாதவருக்கு ஒரு வழி: கை நீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் 85-ஐத் தாண்டிவிட்டது. மோட்டார் ஓடும் வள்ளத்தில் யாராவது மெல்லப் பேசிப் பார்த்திருக்கிறீர்களா? கோயில் திருவிழா செண்டைக்கும், கோயிலானாலும் தேவாலயமானாலும் வாசலில் அடுக்கி வைக்கிற ஸ்பீக்கருக்கும் இதே கணக்குதான். அன்றிரவு காதில் 'ங்ஙொய்' என்று இரைந்து காலையில் சரியானால், தப்பித்தோம் என்று நினைக்கிறோம். கேட்கும் அளவு திரும்பிவிட்டாலும் நரம்பு இணைப்புகளில் சில அறுந்திருக்கலாம்.

சத்தத்தால் வரும் இழப்பு முதலில் தாக்குவது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தைத்தான். காதுக்குழாயின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் என்பதால் 3000 ஹெர்ட்ஸ் அருகே உள்ள ஒலியை அதுவே பெரிதாக்கிவிடுகிறது. அதற்குச் சற்று மேலான ஹெர்ட்ஸை வாங்கும் செல்கள் அடி வாங்குகின்றன. ஆ, ஊ போன்ற உயிரொலிகள் குறைந்த ஹெர்ட்ஸில் இருக்கின்றன, அவை தெளிவாகக் கேட்கும். ச, ஸ, ட, த, க போன்றவற்றை வேறுபடுத்திக் காட்டும் நுண்ணொலிகள் உயர்ந்த ஹெர்ட்ஸில் இருக்கின்றன. அதனால்தான் "சத்தம் கேக்கு, என்ன சொல்லுதாங்கன்னு தெரியல" என்கிறார்கள். கடை, சடை, தடை மூன்றும் '-டை' ஆகிவிடும். வீட்டில் கேட்டவர் கல்யாண மண்டபத்தில் தடுமாறுவார். "வேணும்னா கேக்கும், வேண்டாம்னா கேக்காது" என்று மருமகள்மார் சொல்வது அநியாயம்.

இதையெல்லாம் காகிதத்தில் காட்டுவது ஆடியோகிராம். ஒலி புகாத அறையில் ஹெட்போன் மாட்டி 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொன்றாகக் கொடுத்து, கேட்டால் பொத்தானை அமுக்கச் சொல்வார்கள். வலது காதுக்கு சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. கோடு கீழே போகப்போக இழப்பு அதிகம். பிறகு காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு அதிர்வி வைத்து மறுபடி எடுப்பார்கள். எலும்புக்கோடு மேலே நன்றாக இருந்து காற்றுக்கோடு மட்டும் கீழே கிடந்தால் அது சிப்பிக்காரரின் காது. இரண்டும் ஒட்டியபடியே போய் 4000-இல் பள்ளம் விழுந்தால் மோட்டார்க்காரரின் காது. அடுத்த முறை ரிப்போர்ட் கையில் கிடைக்கும்போது நீங்களே பாருங்கள்.

பொத்தான் அமுக்கத் தெரியாத பச்சைக் குழந்தைக்கும் சோதனை உண்டு. நலமான காக்லியா, ஒலி கொடுத்தால் பதிலுக்கு மெல்லிய ஒலி ஒன்றை வெளிவிடும். அதை மைக் வைத்துப் பிடிப்பது ஓ.ஏ.ஈ. சந்தேகம் என்றால் நரம்புவரை பார்க்கும் பெரா. சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்கள் இதைத் தவறவே விடக்கூடாது. ஒரு மாதத்தில் சோதனை, மூன்று மாதத்தில் உறுதி, ஆறு மாதத்தில் சிகிச்சை என்பது உலகெங்கும் உள்ள இலக்கு. கருவியாலும் பயனில்லாத குழந்தைக்கு, செத்த செல்களைத் தாண்டி நரம்பை நேரே மின்சாரத்தால் தூண்டும் காக்லியர் இம்பிளான்ட் உண்டு. ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இதை ஏற்கிறது.

பெரியவர்களுக்குக் காதுக்கருவி. ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் எல்லா ஒலியையும் ஒரே அளவில் உரக்கக் காட்டுபவை; மோட்டார்க்காரருக்கு அது வேதனை, ஏனென்றால் கட்டை ஒலி அவருக்கு ஏற்கெனவே கேட்கிறது. ஆடியோகிராமைப் பார்த்து, எங்கே பள்ளமோ அங்கே மட்டும் ஏற்றி அமைத்துத் தர வேண்டும். முதல் நாள் தட்டு கழுவும் சத்தமே எரிச்சலாக இருக்கும். மூளை பழகச் சில வாரம் ஆகும்; அதற்குள் கழற்றி பெட்டியில் வைக்கிறவர்கள்தான் அதிகம். இழப்பு அதிகமாக இருந்து சான்றிதழ் வாங்கியவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கருவிக்கு விண்ணப்பிக்கலாம். கடற்கரையில் இருப்பவர்கள் கூடுதலாக ஒன்று செய்ய வேண்டும். உப்புக் காற்றும் வியர்வையும் கருவியைச் சீக்கிரம் கெடுக்கும். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடி டப்பாவில் வைத்தால் உழைக்கும். மோட்டாருக்குப் பக்கத்தில் உட்காரும்போது கருவியைக் கழற்றிவிட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு நுரை அடைப்பானை மாட்டிக்கொள்ள வேண்டும். உருட்டி மெல்லியதாக்கி, காதை மேலே பின்னால் இழுத்துச் செருகி, அது விரியும் வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். வாசலில் சும்மா ஒட்டவைத்தால் பாதி பயன்கூட இல்லை.