பந்தயத்தில் கிளாஸ் என்றால் வகுப்பா?

மோட்டோஜிபி பற்றிய செய்தி ஒன்றில் “முதல் வகுப்புப் பந்தயம்” என்று போட்டிருந்தது. பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்த அக்கா மகன், “ஒண்ணாங்கிளாஸ் பசங்க ஓட்டுறதா மாமா?” என்று கேட்டான். அவன்மேல் தப்பே இல்லை. பைக் பந்தயத்தில் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பதைப் பள்ளிக்கூடத்தின் அடிப்படியில் கொண்டுபோய் வைத்தது, ‘பிரீமியர் கிளாஸ்’ என்ற ஆங்கிலத்துக்கு அவர்கள் போட்ட அந்த மொழிபெயர்ப்புதான். இது முதல் தடவையும் இல்லை.

கிளாஸ் என்பதன் மூலம் ‘கிளாசிஸ்’ என்ற லத்தீன் சொல். பழைய ரோமில் குடிமக்களைச் சொத்துக் கணக்குப்படி பிரித்து வைத்ததற்கு அந்தப் பெயர். பள்ளிக்கூடப் பொருளெல்லாம் பிறகு ஏறியது.

வகுப்பும் நல்ல தமிழ்ச்சொல்தான். ‘வகு’ என்றால் கூறாக்கு. வகையும் அதே வேரில் பிறந்தது. அதனால் வகுப்பு என்பதே சரி என்று வாதிடுகிறார்கள். வேர் சரியாக இருந்தால் மட்டும் போதுமா? இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் கரும்பலகை நினைவுக்கு வரும், ரயில் பெட்டி வரும், வகுப்புக் கலவரமும் வரும். பைக் வராது.

பந்தயத்தில் கிளாஸ் பிரிப்பது வண்டியை. 1949இல் பைக் பந்தய உலக சாம்பியன்ஷிப் தொடங்கியபோதே சோலோ பைக்குகளை (பக்கப்பெட்டி இல்லாதவை) 125, 250, 350, 500 சிசி என்று எஞ்சின் அளவால்தான் பிரித்தார்கள். இப்போது அதில் கீழிருந்து மேலாக மோட்டோ3, மோட்டோ2, மோட்டோஜிபி. மோட்டோ3 என்றால் 250 சிசி, ஒற்றை சிலிண்டர். மோட்டோ2வில் 2019 முதல் எல்லாருக்கும் ஒரே எஞ்சின், டிரையம்பின் 765 சிசி, மூன்று சிலிண்டர். மோட்டோஜிபிக்கு 2012இல் 1000 சிசி வரை என்று வைத்த வரம்பு 2027இல் 850 ஆகிறது. மோட்டோஜிபி வண்டி பந்தயத்துக்கென்றே செய்தது, ஷோரூமில் கிடைக்காது. 1988இல் தொடங்கிய உலக சூப்பர்பைக் போட்டியில் ஓடுவதோ கடையில் விற்கிற மாடலை மாற்றியமைத்த வண்டி. அது தனிக் குடும்பம்.

“மோட்டோ3, மோட்டோ2 என்று ஏறித்தானே போகிறார்கள், அப்போது வகுப்புதானே?” என்பார்கள். ஸ்பெயின் வீரர் மார்க் மார்க்கெஸ் அப்படி ஏறியவர்தான்: 2010இல் 125 சிசி (மோட்டோ3க்கு முன்பு இருந்தது) பட்டம், 2012இல் மோட்டோ2 பட்டம், 2013இல் மோட்டோஜிபி பட்டம். ஆனால் ஆஸ்திரேலிய வீரர் ஜாக் மில்லர் 2014இல் மோட்டோ3 ஓட்டிவிட்டு அடுத்த வருடமே நேராக மோட்டோஜிபிக்குப் போனார். ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்கு யாரும் அப்படிப் போவதில்லை. ஓட்டுபவரின் அனுபவத்தைப் பார்த்துப் பிரிப்பது வேறு. சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் புதியவர்களுக்கென்று ‘நோவிஸ்’ பந்தயம் விடுகிறார்களே, அது ஆளைப் பார்த்துப் பிரிப்பது. அதற்கு ‘நிலை’ என்ற சொல் பொருந்தும். இரண்டையும் வகுப்பு என்ற ஒரே மூட்டையில் கட்டினால் படிப்பவருக்கு எதுவும் விளங்காது.

என் சொல் பிரிவு. ‘பிரிவுத் துயர் நினைவுக்கு வருகிறதே’ என்று ஒருவர் மறுத்தார். குத்துச்சண்டைச் செய்தியில் “51 கிலோ எடைப் பிரிவு” என்று எத்தனை வருடமாகப் படிக்கிறோம், யாராவது கண்கலங்கினோமா? விளையாட்டுப் பக்கத்தில் ஏற்கெனவே நிலைத்த சொல் இருக்கும்போது, அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுவது சோம்பல். எழுதுகிறவர் ஒரே ஒரு பந்தயமாவது பார்த்திருந்தால் இந்தத் தப்பு வராது.

250 சிசி பிரிவு, மோட்டோ2 பிரிவு. எல்லாவற்றுக்கும் மேலே உள்ள மோட்டோஜிபி, முதன்மைப் பிரிவு.